மூன்று மாதம் கேத்திலோடு இருந்து பார்: ரிவியூ எழுத வரும் தங்கச்சிக்கு

தங்கச்சி, வேலையை விட்டுப்போட்டு போன், லப்டொப், வீட்டுச் சாமான் ரிவியூ செய்து சீவிக்கலாமோ என்று கேட்டிருந்தாய். சீவிக்கலாம். ஆனால் காங்கேசன்துறையில் இருந்துகொண்டு சென்னைக்காரரைப் போலச் செய்யப் பார்த்தால் ஆறு மாதத்தில் அலுத்துவிடும். புதுப் போன் வெளிவருகிற அன்று பெட்டி உடைக்கிற ஆக்கள் தமிழ்நாட்டில் நிறைய இருக்கினம். அவைக்குக் கம்பனி முன்கூட்டியே போனைக் கொடுத்துவிடும். உனக்கு அது கொழும்புக்கு வந்து, பிறகு 400 கிலோமீற்றர் அளவில் ரயிலிலோ இரவு பஸ்ஸிலோ வந்து கையில் கிடைக்கிறபோது அவையின் வீடியோவை ஊர் முழுக்கப் பார்த்து முடித்திருக்கும். அந்தப் போட்டிக்கே போகாதை.

உன்னட்ட இருக்கிறது வேற. கடலுப்பு, சுண்ணாம்புத் தண்ணி, கூடிக் குறைகிற கரண்ட், கனடாவிலிருந்து வருகிற பெட்டி, நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் வருகிற பை. இந்த ஐந்தையும் தாண்டி ஒரு சாமான் எத்தனை மாதம் உயிரோடு இருக்கும் என்று சொல்ல சென்னையிலும் ஆளில்லை, கொழும்பிலும் ஆளில்லை. உன்ர தொழில் அதுதான். சீட்டுக் காசு எடுத்து வாசிங் மெசின் வாங்கப் போகிற தெல்லிப்பழை அக்காவுக்கு வேலைசெய்கிறாய் என்று நினைத்துக்கொள். மிச்சமெல்லாம் இதிலிருந்து வரும்.

உப்புக்காற்றுக்கு நம்பர் இல்லை

போன் பெட்டியில் ஐபி68 என்று போட்டிருக்கும். முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது தண்ணிக்கு. ஐபி67 என்றால் ஒரு மீற்றர் ஆழத்தில் 30 நிமிசம் தாங்கவேணும். ஐபி68 என்றால் அதற்கு மேலே, எவ்வளவு என்பதைக் கம்பனி சொல்லவேணும். இந்தச் சோதனை எல்லாம் நல்ல தண்ணியில் செய்கிறது. கடல் தண்ணிக்குக் கம்பனிகள் பொறுப்பெடுக்கிறதில்லை, கையேட்டின் கடைசிப் பக்கங்களில் சின்ன எழுத்தில் போட்டிருக்கும். கீரிமலைக்கு ஆடி அமாவாசைக்கு வருகிற சனத்துக்கு இந்த வித்தியாசம் தெரியாது. கேணியில் விழுந்த போனும் அதற்குப் பக்கத்தில் கடலில் விழுந்த போனும் ஒன்றில்லை என்று நீ சொல்லிக் கொடு. கடலில் விழுந்தால் முதலில் நல்ல தண்ணியில் அலசவேணும். வடிவாய்க் காய்கிற வரைக்கும் சார்ஜ் போடக்கூடாது. உப்பு ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும், அந்த ஈரத்தில் கரண்ட் பாய்ந்தால் சார்ஜ் துவாரத்துக்குள் இருக்கிற மெல்லிய பின்கள் கரைந்து கறுத்துப்போகும். அரிசிக்குள் போட்டு வைக்கிற வைத்தியத்தைப் பற்றியும் ஒரு வசனம் எழுது. அரிசி உப்பை எடுக்காது, மாவைத்தான் துவாரத்துக்குள் விடும்.

விழாத போனுக்கும் உப்பு வரும். துறைமுகப் பக்கம் இருக்கிற வீடுகளில் யன்னல் கம்பியைப் பார், விளங்கும். ஆனபடியால் கடற்கரைக்குக் கிட்ட ஒரு வீட்டிலும், சுன்னாகம், இணுவில் பக்கம் உள்ளுக்குள் ஒரு வீட்டிலும் ஒரே சாமானைக் கொடுத்து வை. ஏசியின் வெளிப்பெட்டி, பிரிட்ஜின் பின்பக்கம், வைபை ரூட்டரின் செருகுமிடம், ஸ்பீக்கரின் கம்பிவலை, இந்த நாலு இடத்தையும் மாதம் ஒருக்கால் ஒரே வெளிச்சத்தில் படம் எடு. ஏசி ரிவியூ எழுதினால் எத்தனை ஸ்டார் என்பதோடு நிற்காதை. வெளிப்பெட்டியின் சுருள் செம்போ அலுமினியமோ, தகடுகளுக்குத் துருத் தடுக்கும் பூச்சு இருக்கோ என்று கேட்டு எழுது. காங்கேசன்துறையில் ஏசி வாங்குகிறவருக்கு ரிமோட்டின் அழகை விட இது முக்கியம்.

கேத்திலின் அடியில் இருக்கிற ஊர்

இந்த ஊரில் சீமெந்து ஆலை ஏன் வந்தது? நிலத்துக்குக் கீழே சுண்ணாம்புக்கல். 1950இல் தொடங்கின ஆலை 1990இல் சண்டையோடு மூடப்பட்டது. கல் அப்படியே இருக்கு. கிணத்துத் தண்ணி அந்தக் கல்லுக்குள்ளால்தான் வருகிறது. வருகிறபோது சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வரும், நீ அடுப்பில் வைத்துக் காய்ச்சினால் கரைந்தது திரும்பக் கல்லாகி அடியில் படியும். கேத்திலின் அடியில் இருக்கிற வெள்ளை அதுதான்.

ஆகவே தண்ணியும் சூடும் சேருகிற எந்தச் சாமானையும் ஒரு கிழமை பாவித்துப்போட்டு ரிவியூ எழுதாதை. எலெக்ற்றிக் கேத்தில், ஸ்ரீம் அயன், வாட்டர் ஹீட்டர், சுடுதண்ணியில் தோய்க்கிற வாசிங் மெசின் எல்லாவற்றுக்கும் குறைந்தது மூன்று மாதம் கொடு. ஒரு லீற்றர் தண்ணி கொதிக்க முதல் நாள் எத்தனை நிமிசம், எத்தனை வாட் இழுத்தது, மூன்று மாதம் கழித்து எத்தனை. இதற்கு ஒரு மீற்றர் வேணும். சொக்கெற்றில் செருகி அதற்கு மேலே சாமானைச் செருகினால் எவ்வளவு கரண்ட் போகுது என்று காட்டும். பெரிய விலை இல்லை, இந்தத் தொழிலில் கமெராவுக்கு முதல் வாங்கவேண்டிய சாமான் அதுதான் என்பது என் அபிப்பிராயம். பிறகு தேசிக்காய்ப் புளி விட்டுக் கழுவி, திரும்பவும் அளந்து பார். கேத்திலுக்குள் கை போகிற அளவுக்கு வாய் அகலமோ என்பதும் உன்ர ரிவியூவில் இருக்கவேணும். மெல்லிய தண்ணி ஓடுகிற ஊர்களில் எழுதுகிற ஆருக்கும் இது தோன்றாது.

தண்ணி வடிகட்டி விற்கிற பொடியன்மார் வீட்டுக்கு வருவினம். இரண்டு கிளாஸில் தண்ணி எடுத்து, கம்பி பூட்டின ஒரு கருவியை வைத்துக் கரண்ட் விடுவினம். உன்ர கிணத்துத் தண்ணி கபிலமாய்ப் போகும், அவையின் தண்ணி தெளிவாய் இருக்கும். அம்மாமார் பயந்துபோய் அன்றே முற்பணம் கொடுத்துவிடுவினம். அதில் நிறம் மாறுவது இரும்புக் கம்பி கரைகிறதால். தண்ணியில் தாதுப்பு இருந்தால் கரண்ட் ஓடும், கரண்ட் ஓடினால் கம்பி கரையும், அவ்வளவுதான். வடிகட்டின தண்ணியில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு அதே கருவியை வைத்துக் காட்டு, அதுவும் கபிலமாகும். இந்த ஒரு வீடியோ பத்துப் போன் வீடியோவை விட ஊருக்குப் பிரயோசனம்.

ஆர்ஓ வடிகட்டி கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு லீற்றர் நல்ல தண்ணி தர எத்தனை லீற்றரைக் கழிவாய் வெளியில் விடுகுது என்று ஒரு வாளியை வைத்து அளந்து எழுது. வற்றாத ஆறு இல்லாத, மாரி மழையை மட்டும் நம்பி இருக்கிற குடாநாட்டில் அந்தக் கணக்கு விலைச்சீட்டை விடப் பெரிசு. கழிவுத் தண்ணியை எங்கே விடலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லு.

கரண்ட் கணக்கு

2022 மார்ச் கடைசியில் நாடு முழுக்க ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் மின்வெட்டு வந்தது. கொழும்புக்கு அது உலகம் முடிந்தமாதிரி. எங்கட அம்மாமார் 90களில் சைக்கிளை நிமிர்த்தி வைத்து, பெடலைக் கையால் சுத்தி, டைனமோவில் ரேடியோ கேட்டவை. கரண்ட் இல்லாமல் எந்தச் சாமான் எவ்வளவு ஓடும் என்று கேட்கிற பழக்கம் எங்கட சனத்துக்கு அப்பவே வந்துவிட்டது. நீ அதற்கு விடை சொல்லப் பழகு.

ரூட்டருக்குப் பூட்டுகிற மினி யூபிஎஸ்ஸை எடுத்துக்கொள். பெட்டியில் 10,000 எம்ஏஎச் என்று போட்டு, எட்டு மணித்தியாலம் என்றும் எழுதியிருக்கும். அந்த 10,000 உள்ளே இருக்கிற 3.7 வோல்ட் பற்றரிக்குரிய கணக்கு. 3.7ஆல் பெருக்கினால் 37 வாட் மணி. உன்ர ரூட்டர் 8 வாட் இழுத்தால் கணக்குக்கு நாலரை மணித்தியாலம், 12 வோல்ட்டாக ஏற்றுகிறதில் வீணாவதைக் கழித்தால் நாலு மணித்தியாலமே சந்தேகம். பவர் பேங்குக்கும் இதே கணக்குத்தான். 20,000 எம்ஏஎச் பவர் பேங்கில் 74 வாட் மணி இருக்கு, 5,000 எம்ஏஎச் போனுக்கு ஒரு தடவை ஏற்ற 19 வாட் மணி அளவில் வேணும். வீண் போவதைக் கழித்தால் மூன்று தடவை நிரப்பலாம். விற்கிறவர் நாலு என்பார். நீ பெருக்கிக் காட்டினால் வாசிக்கிற பிள்ளையும் அடுத்த தடவை தானே பெருக்கிப் பார்க்கும்.

கடைசியில் ஒருக்கால் கரண்டை நிப்பாட்டி நேரம் பார்க்காமல் எழுதாதை. கணக்கு ஒன்று, மெயின் சுவிட்ச் இன்னொன்று. இன்வேர்ட்டர் என்றால் மின்விசிறி முனகுதோ என்று காது கொடுத்துக் கேள். மலிவான இன்வேர்ட்டர்களின் கரண்ட் அலை படிக்கட்டுப் போலத்தான் வரும், மோட்டர் சாமான்களுக்கு அது ஒத்துக்கொள்ளாது.

கனடாப் பெட்டியும் கப்பல் பையும்

வெளிநாட்டிலிருந்து வருகிற சாமானைப் பற்றிக் கேட்கத்தான் உன்னட்ட ஆக்கள் கூட வருவினம். “அண்ணா அனுப்பினவர், பாவிக்கலாமோ?” இந்தக் கேள்விக்கு விடை சொல்லத் தெரிந்தால் உனக்கு வாசகர் பஞ்சம் வராது.

முதலில் லேபிளைப் பார்க்கச் சொல்லு. 100–240 வோல்ட் என்று இருந்தால் பயமில்லை, போன், லப்டொப் சார்ஜர் எல்லாம் அநேகமாய் அப்படித்தான். 120 வோல்ட் என்று மட்டும் போட்டிருந்தால் எங்கட 230இல் செருகின உடனே எரியும். கனடாவிலிருந்து வருகிற பிளெண்டர், மின்சாரப் பானை, முடி காயவைக்கிற மெசின் எல்லாம் இந்த வகையில்தான் சாகிறது. ட்ரான்ஸ்போமர் வாங்கலாம், ஆனால் சூடேற்றுகிற சாமானுக்குத் தேவையான பெரிய ட்ரான்ஸ்போமரின் விலைக்கு இங்கேயே புதுச் சாமான் வாங்கிவிடலாம். லண்டன் பெட்டிக்கு இந்தப் பிரச்சினை இல்லை. வோல்ட்டும் பொருந்தும், சதுரப் பின்னும் எங்கட புதுச் சொக்கெற்றுக்குச் சரி.

போன் என்றால் மூன்று கேள்வி. ஒன்று, ஒரு கம்பனியின் சிம்முக்கு மட்டும் பூட்டுப் போட்ட போனோ? கனடாவில் 2017 டிசம்பரிலிருந்து புதுப் போன்களைத் திறந்துதான் விற்கவேணும், அமெரிக்காவில் அப்படியில்லை, மாதத் தவணையில் எடுத்தது பூட்டோடு வரும். இரண்டு, சிம் போடுகிற இடம் இருக்கோ? அமெரிக்காவில் விற்கிற ஐபோனில் 14 தொடக்கம் அது இல்லை, இ-சிம் மட்டும்தான். அம்மம்மாவுக்குக் கொடுக்கிறதுக்கு முதல் இதை யோசி. மூன்று, ஐஎம்ஈஐ. *#06# என்று அடித்தால் வருகிற 15 இலக்கம். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பதிவில் இல்லாத புதுப் போன்களுக்கு இலங்கைச் சிம்மில் இணைப்புக் கிடைக்காது என்று 2025 ஜனவரியில் அறிவித்தவை. IMEI என்று அடித்து, இடைவெளி விட்டு, இலக்கத்தை 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் விடை வரும். கடையில் காசு கொடுக்க முதலே செய்யவேண்டிய வேலை இது. கஸ்தூரியார் வீதியில் நின்றுகொண்டே செய்யலாம். கடைக்காரர் முகம் சுழித்தால் அதுவும் ஒரு விடைதான்.

நாகப்பட்டினம் – காங்கேசன்துறைக் கப்பல் 2023 ஒக்ரோபரில் தொடங்கி, நின்று, 2024 ஓகஸ்டில் திரும்ப ஓடத் தொடங்கினது. அதில் வருகிற இந்தியச் சாமானின் விலையை மட்டும் பார்த்து எழுதாதை. இந்திய வாரண்டி அநேகமாய் இந்தியாவோடு முடிந்துவிடும். உருண்டைப் பின் பிளக் பழைய வீட்டுச் சொக்கெற்றுக்குப் போகும், புது வீட்டுக்கு அடப்டர் வேணும். கிரைண்டருக்குக் கல்லு உடைந்தால் யாழ்ப்பாணத்தில் மாற்றலாமோ, மாற்ற எவ்வளவு என்று கேட்டு அந்தத் தொகையையும் விலையோடு கூட்டிச் சொல்லு.

எங்கட முகம், எங்கட குரல்

போன் கமெரா பார்க்கிறபோது பூவைப் படம் எடுத்துக் காட்டாதை, பூ எந்தப் போனிலும் வடிவாய்த்தான் விழும். மத்தியான வெயிலில் பனைக்கு முன்னால் ஆளை நிற்கவிட்டு எடு. முகம் இருளுதோ, அல்லது போன் தானாகவே எங்கட நிறத்தை வெளுப்பாக்குதோ என்று பார். கூறைச் சேலையின் அரக்குச் சிவப்பு தோடம்பழ நிறமாய் மாறுதோ? மாவிட்டபுரம் திருவிழாவில் தீவெட்டி வெளிச்சத்தில் சாமி விழுகுதோ, புகைதான் விழுகுதோ? கலியாண வீட்டுக்குப் போன் வாங்குகிறவைக்கு மெகாபிக்சல் தேவையில்லை, இதுதான் தேவை.

குரல் தட்டச்சுக்கு கூகுளில் ‘தமிழ் (இலங்கை)’ என்று தனித் தெரிவு இருக்கு. அதைப் போட்டு அப்புவைக் கதைக்கவிட்டுப் பார், நீ செய்திவாசிப்பாளர் மாதிரிக் கதைத்துப் பார்க்கிறது சோதனை இல்லை. ரேடியோ உள்ள போன் என்றால் கம்பி இயர்போனைப் பூட்டி காரைக்கால் எஃப்எம் இழுக்குதோ என்று பார், அந்தக் கம்பிதான் அன்ரனா. சிரிக்காதை, வாங்கப் போகிற ஐயாமாரில் பாதிப்பேர் அதைத்தான் கேட்பினம். லப்டொப் என்றால் ரெங்கநாதன் தமிழ் விசைப்பலகையை எப்படிப் போடுவது என்று ஒரு பந்தி எழுது. கந்தோர் வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு அது வேணும்.

சோதிக்கிற இடத்தில் கவனம். இங்கே துறைமுகமும் கடற்படைத் தளமும் பலாலி விமான நிலையமும் ஒன்றுக்கொன்று பக்கத்தில். சூம் எவ்வளவு தூரம் போகுது என்று காட்ட அந்தப் பக்கம் கமெராவைத் தூக்காதை. ட்ரோன் ரிவியூ செய்யவேண்டி வந்தால் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் பதிவும் அனுமதியும் இல்லாமல் பறக்கவிடக்கூடாது, இங்கேயென்றால் அதை மறந்துவிடுகிறதே நல்லது. வேற மாவட்டத்தில் போய்ச் செய்.

அவசரப்பட்டவை

சாம்சங் நோட் 7 நினைவிருக்கோ? 2016 ஓகஸ்ட் 19 விற்பனைக்கு வந்தது. முதல் ரிவியூக்கள் எல்லாம் புகழ்ச்சி. செப்டம்பர் 2 திருப்பி எடுத்தினம், மாற்றிக் கொடுத்ததும் தீப்பிடிக்க ஒக்ரோபர் 11 தயாரிப்பையே நிப்பாட்டினம். ரிவியூ எழுதினவை பொய்யர் இல்லை. ஒரு கிழமையில் பற்றரியின் குணம் தெரியாது, அவ்வளவுதான். ஆகவே உன்ர ஒவ்வொரு எழுத்துக்கும் மேலே எத்தனை நாள் பாவித்தாய் என்று போடு. மூன்றாம் மாதம், பன்னிரண்டாம் மாதம் திரும்ப வந்து அதே பக்கத்தில் சேர். பழைய வரியை அழிக்காதை.

இன்னொரு கேள்வியையும் பழக்கமாக்கிக்கொள்: கம்பனி மூடினால் இந்தச் சாமான் என்னாகும்? ஹியூமேன் என்ற அமெரிக்கக் கம்பனி 2024 ஏப்ரலில் சட்டையில் குத்துகிற ஏஐ பின் ஒன்றை 699 டொலருக்கு விற்றது, மாதச் சந்தா வேற. யூரியூப்பில் ரிவியூ செய்கிற மார்க்கஸ் பிரவுன்லீ அதைக் கடுமையாக விமர்சித்தபோது, ஒரு கம்பனியை இப்படி விழுத்தலாமோ என்று அவருக்கே பேச்சு விழுந்தது. அடுத்த வருசம் பெப்ரவரியில் எச்பி அந்தக் கம்பனியின் சொத்துக்களை வாங்கினது, 28ஆம் திகதியோடு சேவையை நிப்பாட்டினம். வாங்கினவர் கையில் மிஞ்சினது வேலைசெய்யாத ஒரு சதுரம். ஆப் இல்லாமல் ஓடாத சிசிரிவி கமெரா, சுவிட்ச், கதவுப் பூட்டு என்று யாழ்ப்பாணத்திலும் இப்ப விற்கினம். இன்ரநெட்டைக் கழற்றிப்போட்டு அது என்ன செய்யுது என்று பார்த்து எழுது.

இரவல் சாமானும் இனாம் சாமானும்

அமெரிக்காவில் கன்சூமர் ரிப்போர்ட்ஸ் 1936இலிருந்து நடக்குது. விளம்பரம் எடுக்காது. சோதிக்கிற சாமானைத் தன்னை ஆர் என்று சொல்லாமல் கடையில் காசு கொடுத்து வாங்கும். உன்னால் எல்லாவற்றையும் வாங்க ஏலாது, எனக்கும் ஏலாது. ஆனால் வழி இருக்கு. சொந்தக்காரர், அயலட்டை ஏற்கெனவே வாங்கினதைக் கேட்டு எடுத்துப் பார். கடையில் காட்சிக்கு வைத்ததைப் பார்த்தால் அப்படியே சொல்லு. கம்பனி தந்தால் இரவலாய் மட்டும் வாங்கு: எந்தச் சாமான், சீரியல் இலக்கம், எந்தத் திகதி வந்தது, எந்தத் திகதி திரும்பும், உடைந்தால் ஆர் பொறுப்பு, எல்லாம் ஒரு ஈமெயிலில் இருக்கவேணும். “வெளியிட முதல் ஒருக்கால் காட்டுங்கோ” என்று கேட்பினம். விலையும் அளவும் சரிபார்க்கலாம், அபிப்பிராயத்தைக் காட்டாதை. மறுத்தால் அடுத்த போன் வராது என்று பயப்படுவாய். வராமலும் போகலாம். கேத்திலுக்கு ஆரும் தடை போட ஏலாது.

காசு வாங்கிச் செய்த வீடியோ என்றால் வணக்கம் சொன்ன உடனேயே சொல்லு, விபரப்பெட்டியின் அடியில் ஒளிக்காதை. தமிழ்நாட்டில் உனக்குப் பார்வையாளர் சேர்ந்தால் அங்கே சட்டமும் இருக்கு: 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் ஏமாற்று விளம்பரத்துக்குத் துணைபோனவருக்கு 10 இலட்சம் இந்திய ரூபா வரைக்கும், திரும்பச் செய்தால் 50 இலட்சம் வரைக்கும் தண்டம் போடலாம். இங்கே கடைக்காரர் ஏமாற்றினால் நுகர்வோர் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம் என்று உன்ர ஒவ்வொரு ரிவியூவின் கீழும் போடு.

குறை எழுதுகிறபோது பில், திகதி, வெட்டாத வீடியோ மூன்றையும் பத்திரப்படுத்திவை. “எனக்கு வந்த இந்த மெசினில் கதவு ரப்பர் கிழிந்தது” என்று எழுதலாம். “இந்தக் கம்பனி கள்ளர்” என்று எழுதினால் வக்கீல் கடிதம் வரும். இலங்கையில் குற்றவியல் அவதூறு 2002இல் நீக்கப்பட்டது, நட்டஈட்டு வழக்கு நீக்கப்படவில்லை.

காசு

யூரியூப்பில் விளம்பரக் காசு வர 1,000 பேர் சேரவேணும், 12 மாதத்தில் 4,000 மணித்தியாலம் பார்த்திருக்கவேணும். கூகுள் அட்சென்ஸ் 2018இல்தான் தமிழ் எழுத்துக்களுக்கு விளம்பரம் தரத் தொடங்கினது, அதற்கு முதல் எழுதினவை சும்மா எழுதினவை. வருமானம் 10 டொலரைத் தொட்டால் ஒரு பின் இலக்கத்தைக் கடிதத்தில் அனுப்புவினம், 100 டொலரில் காசு விடுவினம். மீள்குடியேறின எங்கட ஒழுங்கைகளில் வீட்டு இலக்கம் குழப்பம், ஆனபடியால் தபால்காரரோடு முதலே கதைத்து எந்த விலாசம் சரி என்று கேட்டு அதையே கொடு. அமெரிக்க வரிப் படிவத்தையும் தள்ளிப்போடாதை. நிரப்பாவிட்டால் மொத்த வருமானத்தில் 24 சதவீதம் வரைக்கும் பிடிக்கலாம்.

ஆனால் அந்தக் காசை நம்பி வேலையை விடாதை. ரொறன்ரோ, லண்டன் தமிழ்ப் பத்திரிகைக்கும் வானொலிக்கும் எழுதுகிறது, கொழும்புக் கம்பனிக்குத் தமிழ்க் கையேடு திருத்துகிறது, பள்ளிக்கூடத்துக்கு எந்தக் கம்பியூட்டர் வாங்கலாம் என்று ஆலோசனை சொல்லுகிறது, இவைதான் முதல் இரண்டு வருசமும் சோறு போடும். கையேடு எழுதிக் கொடுத்த கம்பனியின் சாமானைப் பிறகு ரிவியூ செய்யாதை.

வரி கட்டுகிறவருக்குரிய டின் இலக்கம் எடுத்துவை. 2025 ஏப்ரலிலிருந்து வருசம் 18 இலட்சம் ரூபா வரைக்கும் வருமான வரி இல்லை. வெளிநாட்டுக்குச் செய்த சேவைக்கு டொலராய் வங்கி வழியாக வருகிற காசுக்கு உச்ச வரி 15 சதவீதம். வங்கியில் தனிநபர் வெளிநாட்டு நாணயக் கணக்கு ஒன்றைத் திற. அக்கா சொன்னது என்று இருந்துவிடாமல் வருசத்தில் ஒருக்கால் கணக்காளரிடம் காட்டு, விதிகள் மாறும். கந்தோரில் இருக்கிற பிள்ளைக்கு ஈபிஎஃப்புக்கு தான் 8, முதலாளி 12, ஈரிஎஃப்புக்கு 3 என்று மாதம் 23 சதவீதம் சேருகுது. உனக்கு முதலாளி நீதான். வருகிற ஒவ்வொரு தொகையிலும் கால்வாசியைத் தொடாமல் வை, ஐந்து வருசம் கழித்து என்னைத் திட்டமாட்டாய்.

பொம்பிளைப் பிள்ளை என்றபடியால்

இந்தத் தொழிலுக்குத் தனி சிம், தனி நம்பர். வீட்டு விலாசம் பார்சல் லேபிளோடு வீடியோவில் விழாமல் பார், யன்னலுக்கால் தெரிகிற மதிலும் கோயில் கோபுரமும் வீட்டைக் காட்டிக்கொடுக்கும். பார்சலை யாழ்ப்பாணம் டவுனில் தெரிந்த கடைக்கு எடுப்பிச்சு, நீயே போய் எடு. “உமக்கு ப்ரொசஸர் பற்றி என்ன தெரியும் தங்கச்சி” என்று கருத்துப் போடுவினம், அளந்த இலக்கத்தை மட்டும் பதிலாய்ப் போடு, இரண்டாம் தடவை பதில் சொல்லாதை. அசிங்கமாய் எழுதினதை அழிக்க முதல் படம் எடுத்துத் திகதியோடு வை.

சாமானைத் திருப்பி அனுப்புகிற நாளில் போனை முழுசாய் அழி, கணக்குகளிலிருந்து வெளியே வா, சிம்மைக் கழற்று. இதைச் செய்யாமல் அனுப்பினால் உன்ர வீட்டுப் படங்கள் கொழும்பில் ஆரோ ஒருத்தரின் மேசையில் திறக்கும். சீரியல் இலக்கம் தெரிய, பெட்டியை மூட முதலும் மூடின பிறகும் படம் எடு. இரவு பஸ்ஸில் போடுகிறதென்றால் பார்சல் துண்டை வாங்கி, பஸ் நம்பரையும் எழுதி, அந்தக் கம்பனிக்கு அன்றிரவே ஈமெயில் அனுப்பு. மாரியில் அனுப்புகிறதென்றால் பெட்டிக்கு வெளியே பொலித்தீன், உள்ளே இரண்டு சிலிக்கா பை. வழியில் முறிகண்டியில் நனைந்தாலும் அவை உன்னட்டத்தான் கேட்பினம்.